தீக்குச்சி செருகிய கழுத்து

டிசம்பர் பிறந்தால் பிரிட்டனில் பல வீடுகளில் பரணிலிருந்து ஒரு சிவப்பு அட்டைப்பெட்டி இறங்கும். நம் வீடுகளில் நவராத்திரிக்கு முன்னால் கொலுப்பெட்டி இறங்குவதைப் போலத்தான். தூசி தட்டி, சுற்றியிருக்கும் பழைய செய்தித்தாளைப் பிரித்து, எது பிழைத்தது, எது உடைந்தது என்று பார்க்கும் வேலை அங்கும் உண்டு. பெட்டிக்குள் இருப்பவை தாத்தா காலத்து ஈயச் சிப்பாய்கள். ஏறக்குறைய கட்டைவிரல் உயரம். கணக்காகச் சொன்னால் 54 மில்லிமீட்டர். குதிரைவீரர் என்றால் பெட்டிக்கு ஐந்து பேர், காலாள் என்றால் எட்டுப் பேர். ஒருவனுக்குத் தலை இல்லை, இன்னொருவனுக்குக் கை இல்லை, ஒரு குதிரை மூன்று காலோடு நிற்க முடியாமல் பெட்டியில் படுத்துக் கிடக்கிறது. இவர்களைத்தான் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வரிசையாக நிறுத்தியாக வேண்டும். பண்டிகைக்குள் இவற்றைப் புதுசாக்கிவிட்டால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரும். ஒரு சின்ன தூரிகை, நாலு டப்பா எனாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பொம்மைச் சிப்பாய்களைச் சேர்ப்பவர்களும் சீர்செய்பவர்களும் தீராமல் வழக்காடுவது இந்த யோசனையைப் பற்றித்தான். வெகுநாளாக இதைப் படித்தும் பார்த்தும் வந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பொம்மையில் கை வைக்கும் முன் அதன் வயதையும் விலையையும் விசாரிப்பதைவிட, இந்தப் பழுது யாருக்காகப் பார்க்கப்படுகிறது என்று கேட்டுக்கொள்வது உத்தமம். விளையாடக் காத்திருந்த ஒரு பிள்ளைக்காக என்றோ யாரோ பார்த்த பழுது எவ்வளவு கோணலாக இருந்தாலும் அந்தப் பொம்மைக்குச் சொந்தமானது. அலமாரிக்காகவும் ஏலத்துக்காகவும் பார்க்கிற பழுதை, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இந்தச் சிப்பாய்கள் ஏன் இவ்வளவு சுலபமாகத் தலையை இழக்கிறார்கள்? காரணம் அவர்களைச் செய்த விதத்திலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பொம்மைச் சிப்பாய் என்றாலே ஜெர்மன் சரக்கு. நியூரம்பர்க்கில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் 1839இல் தொடங்கிய பட்டறை, தகடாகத் தட்டையாக இருக்கும் வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்தது. டிரெஸ்டனில் கெயோர்க் ஹைடேயின் பட்டறை முழுக்கட்டியாக வார்த்தது. கட்டி வார்ப்பில் உலோகம் அதிகம் செலவாகும், விலையும் அதற்கேற்பத்தான். 1893இல் லண்டனில் பொம்மை செய்துகொண்டிருந்த, ‘பிரிட்டன்’ என்றே பெயர் கொண்ட குடும்பத்தின் மகன் வில்லியம் ஒரு வழி கண்டார். காய்ச்சிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றியதும் அச்சுச் சுவரை ஒட்டிய படலம் முதலில் இறுகும். நடுவில் உள்ளது இன்னும் குழம்பாகவே இருக்கும். அந்தச் சமயம் பார்த்து அச்சைக் கவிழ்த்தால் நடுக்குழம்பு வெளியே கொட்டிவிடும், கூடு மட்டும் மிஞ்சும். அச்சைப் பிடித்தவர் எத்தனை நொடி பொறுத்தார் என்பதைப் பொறுத்தது கூட்டின் தடிமன். பழைய சிப்பாய்கள் பலரின் தலை உச்சியில் ஒரு சிறு துளை தெரியும். மிஞ்சிய உலோகம் வெளியேறிய வழி அது. ஈயம் மிச்சம், எடையும் மிச்சம். அரச மெய்க்காப்புக் குதிரைப்படையான லைஃப் கார்ட்ஸ்தான் முதல் எண் பெட்டி. ஒரு பெட்டி ஒரு ஷில்லிங்குக்குக் கிடைத்தது. ஹோல்போர்னில் இருந்த காமேஜஸ் அங்காடி முதலில் எடுத்து விற்றது. சில ஆண்டுகளில் ஜெர்மன் சரக்கு பின்னுக்குப் போயிற்று. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைக்கும் கிறிஸ்துமஸ் காலையில் ஒரு படைப்பிரிவு கிடைத்தது. ஆனால் மெல்லிய கூட்டில் மிக மெலிந்த இடம் கழுத்து. மேஜையிலிருந்து ஒரு தடவை தரையில் விழுந்தால் தீர்ந்தது. விலையைக் குறைத்த அதே வித்தைதான் தலைகளையும் உருட்டியது.

வார்த்தது பட்டறை; வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே எண்ணிக்கைக் கூலிக்குச் செய்தவர்கள். ஒரே பெட்டியின் எட்டுக் காலாள்களை அடுத்தடுத்து நிறுத்திப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கை தெரியும். கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி, உதட்டுக்குச் சின்னதாக ஒரு சிவப்பு, மீசைக்கு ஒரே இழுப்பு. ஒருவனுக்கு மீசை கொஞ்சம் ஏறிவிட்டது, இன்னொருவன் மாறுகண். வெள்ளை இடைவார் ஒருவன் முதுகில் நேராகப் போகிறது, அடுத்தவன் முதுகில் அவசரத்தில் சறுக்கியிருக்கிறது. ஓர் உருப்படிக்குக் காசு என்ற கணக்கில், விளக்கு வெளிச்சத்தில், டிசம்பருக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் இழுத்த கோடுகள் இவை. இவர்களில் யாருடைய பெயரும் பெட்டியின் மேல் அச்சாகவில்லை. அவர்கள் கைவேலைக்கு மிஞ்சியிருக்கிற சாட்சி அந்தப் பெயின்ட் ஒன்றுதான். அதன் மேல் புதிதாக எனாமல் தீட்டுகிறவர் சிப்பாய்க்கு மெருகேற்றுவதாக நினைத்துக்கொள்கிறார். நடப்பது என்னவோ ஒரு கூலிக்காரியின் வேலையைப் பூசி மறைப்பது. பழைய பெயின்டை உரித்துவிட்டுப் புதிதாகத் தீட்டுவது அதைவிட மோசம். மறைத்ததையாவது என்றாவது மீட்கலாம், உரித்ததை மீட்க முடியாது.

சேகரிப்பாளர்கள் இதுவரை தலையாட்டுவார்கள். பழைய பெயின்டைத் தொடாதே என்பது அவர்கள் வேதம். மறுபூச்சு கண்ட சிப்பாய் ஏலத்தில் விலை விழுவான் என்பது அந்தத் துறையில் அரிச்சுவடி. முடிவு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் நியாயத்தை நான் ஏற்றுக்கொண்டதாகாது. அவர்கள் கணக்கில் உச்சத்தில் இருப்பது கட்டவிழாத பெட்டி. தொழிற்சாலையில் சிப்பாய்களை அட்டையோடு சேர்த்து நூலால் கட்டி அனுப்புவார்கள். அந்த நூல் அறுபடாமல், மூடி கசங்காமல், லேபிள் மங்காமல் நூறு ஆண்டு கடந்து வந்த பெட்டிக்குத்தான் தலை சுற்றும் விலை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பெட்டியின் கதை பரிதாபமானது. கடைக் கிடங்கில் தங்கிப்போன சரக்கு அது. இல்லாவிட்டால் தொடாதே என்று மிரட்டி வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளைக்குக் கிடைத்த பரிசு. ஏதோ ஒரு கிறிஸ்துமஸ் காலையில் அவிழ்ந்திருக்க வேண்டிய நூல் அவிழவே இல்லை. தொழிற்சாலையை விட்டு வந்த நிலைதான் பொம்மையின் உத்தம நிலை என்றால், விளையாடிய ஒவ்வொரு மணிநேரமும் சேதக் கணக்கில் அல்லவா சேரும்? அலமாரிக்காகப் புதுப்பூச்சுப் பூசுகிறவரும் கட்டவிழாத பெட்டியைத் தேடி அலைகிறவரும் பார்வைக்கு எதிரெதிர்க் கட்சி. இருவருக்கும் வேண்டாதது ஒன்றே: பிள்ளையின் விரல்பட்ட அடையாளம்.

உடைவது பொம்மைச் சிப்பாயின் தொழிலிலேயே அடங்கியது என்பதற்கு இலக்கிய உலகமே சாட்சி. 1826 ஜூனில், பின்னாளில் நாவலாசிரியைகளான பிராண்டி சகோதரிகளின் தந்தை பாட்ரிக் பிராண்டி, லீட்ஸிலிருந்து மகன் பிரான்வெலுக்கு ஒரு டஜன் மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். மகள்கள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள்; ஷார்லட் தன்னுடையவனுக்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். கண்ணாடி நகரம், அங்க்ரியா என்று அந்தப் பிள்ளைகள் கட்டிய கற்பனை நாடுகளும், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் அவர்கள் எழுதித் தைத்த புத்தகங்களும் அங்கிருந்துதான் கிளைத்தன. அந்தப் பன்னிரண்டும் ஊனமாகியும் தொலைந்தும் எரிந்தும் போன கதையைப் பிரான்வெலே பின்னால் எழுதி வைத்திருக்கிறான். பன்னிரண்டும் பத்திரமாக ஒரு கண்ணாடிப் பேழையில் தப்பியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் கிடைத்திருப்பார்கள். எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ இன்னும் வெளிப்படையானது. வில் விசையால் மரக்கட்டைக் குண்டை எறியும் பொம்மைப் பீரங்கியை வைத்துக்கொண்டு வளர்ந்த மனிதர்கள் தரையில் குப்புறப் படுத்து எதிரணிச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்துக்கு விதிமுறை வகுக்கும் புத்தகம் அது. குண்டுபட்டு விழுவதற்காகவே நிறுத்தப்பட்ட ஈயக் கூடுகளுக்குக் கழுத்து முறியாமல் இருக்குமா? சர்ச்சில் தன் இளமைக்கால நினைவுகளில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு சிப்பாய்கள் வைத்திருந்ததாகச் சொல்கிறார். அந்த அணிவகுப்பைப் பார்க்க வந்த தந்தை, பட்டாளத்துக்குப் போகிறாயா என்று கேட்டாராம். பையனின் படிப்பு அன்றே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

தலை முறிந்ததும் வீட்டில் என்ன செய்தார்கள்? இங்கேதான் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி வருகிறது. பிரிட்டனில் பழைய சிப்பாய்களைக் கையாண்ட எவருக்கும் தெரிந்த சமாச்சாரம், தீக்குச்சி வைத்தியம். உடம்பும் கூடு, தலையும் கூடு. தீக்குச்சியில் அரை அங்குலம் ஒடித்துக் கழுத்துத் துளையில் பாதியைச் செருகி, மிச்சப் பாதியில் தலையை மாட்டிவிடுவது. இறுக்கமாக இல்லையென்றால் காகிதத் துணுக்கைச் சுற்றிக்கொள்வது. ஒட்டுவதற்குப் பசை கிடைத்தால் பசை, இல்லையென்றால் அரக்கு. அப்படிப் பழுது பார்த்த ஒரு சிப்பாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலை ஒரு நூல் இடப்பக்கம் திரும்பியிருக்கும். காலரின் விளிம்புக்கும் தாடைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதற்குள் மரத்தின் வெளிர்மஞ்சள் தெரியும். விரலால் திருப்பினால் தலை சுழலும். நேரே பார்க்கும்படி தொழிற்சாலை வார்த்தவனுக்கு இப்போது பக்கவாட்டில் பார்க்கத் தெரியும். பிள்ளை விளையாட்டில் அது ஒரு கூடுதல் வசதி. இதைச் செய்தவர் அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். அடுத்த சண்டை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அழகு பார்க்க நேரமில்லை. இன்றைய சீர்செய்பவர் இந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக வார்த்த தலையை ஒட்டி, மூட்டுத் தெரியாமல் எபாக்சிப் புட்டி நிரப்பி, மேலே பளபளவென்று தீட்டிவிட்டால், போனது ஒரு தீக்குச்சி மட்டுமா? அந்தப் பொம்மையோடு ஒரு பிள்ளை விளையாடியது என்பதற்கும், அதற்காக ஒரு பெரியவர் குனிந்து உட்கார்ந்தார் என்பதற்கும் இருந்த ஒரே ஆதாரம் போயிற்று.

இதே அளவுகோலை மறுபூச்சுக்கும் நீட்டினால் சேகரிப்பாளர்களோடு என் பிணக்கு முற்றும். மறுபூச்சு எல்லாமே குற்றம் என்பார்கள் அவர்கள். இரண்டாம் உலகப்போரை எடுத்துக்கொள்வோம். 1942 முதல் பிரிட்டனில் உலோகப் பொம்மை தயாரிக்கத் தடை. உலோகம் முழுவதும் போருக்குப் போயிற்று. கிறிஸ்துமஸ் மட்டும் தவறாமல் வந்தது. வீட்டிலிருந்த பழைய சிப்பாய்களையே எடுத்து, கிடைத்த பெயின்டைப் பூசி, இளைய பிள்ளைக்குப் புதுப் பரிசாகக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. விக்டோரியா காலத்துச் செஞ்சட்டைக்காரன் மேல் தடித்த காக்கி ஏறியிருக்கும். துப்பாக்கி வாரும் பொத்தானும் அந்தக் காக்கிக்குள் அமிழ்ந்திருக்கும். ஏலப் பட்டியலில் ‘வீட்டுப் பூச்சு’ என்ற ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிற சரக்கு. கரைப்பான் தொட்டுக் காக்கியை எடுத்து அடியிலுள்ள சிவப்பை மீட்கிறவர்களும் உண்டு. எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தக் காக்கி ஒரு பிள்ளைக்காகப் பூசப்பட்டது. ஏதோ ஒரு பற்றாக்குறைக் கிறிஸ்துமஸில் ஒரு வீடு எப்படிச் சமாளித்தது என்பதை அது வைத்துக்கொண்டிருக்கிறது. சிவப்புக்கு ஆயிரக்கணக்கில் வேறு சாட்சிகள் இருக்கிறார்கள். இந்தக் காக்கிக்கு வேறு சாட்சி கிடையாது. மூலம் என்பதால் மட்டும் மேலானது என்றால் முதல் உரிமையாளரைத் தவிர மற்றவர்களுக்கு வரலாறே இல்லை என்றாகிவிடும்.

நம் ஊர் வாசகர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். கொலு பொம்மை மங்கினால் வண்ணக்காரரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குகிறோமே, உடைந்ததைப் படியில் வைப்பதில்லையே, பண்டிகைக்கு வைக்கிற பொம்மை பளிச்சென்று இருக்க வேண்டாமா என்பார். நியாயமான கேள்வி. கொலு பொம்மை பார்ப்பதற்கும் கும்பிடுவதற்கும் செய்யப்பட்டது. படியில் நிற்பதுதான் அதன் உத்தியோகம். அதைப் புதுப்பிப்பது அந்த உத்தியோகத்தைத் தொடரச் செய்வது. ஈயச் சிப்பாய் நிற்பதற்காகப் பிறந்தவன் அல்லன். தரையில் உருள்வதற்கும் எறிபடுவதற்கும் தலையணை மலைகளில் ஏறுவதற்கும் பிறந்தவன். அவனைத் தீட்டி நிறுத்துவது வேறொரு வேலைக்கு அவனை மாற்றுவது. இதே வழக்கு பெரிய கட்டடங்கள் விஷயத்தில் ஐரோப்பாவில் முன்பே நடந்திருக்கிறது. சீரமைப்பு என்பதே ஒரு பொய், கட்டடத்துக்கு நேரக்கூடிய முழு நாசம் அதுதான் என்று 1849இல் ஆங்கில விமர்சகர் ரஸ்கின் வாதிட்டார். ஒரு கட்டடம் ஒருபோதும் அடைந்திராத முழுமையைக்கூட அதற்குக் கொடுக்கலாம் என்று பிரான்சில் கட்டடக்கலைஞர் வியோலெ-ல-டுக் எதிர்த் திசையில் போனார். பொம்மை அலமாரியில் புதுப்பூச்சுக்காரர்கள் வியோலெ-ல-டுக்கின் சீடர்கள், ஏலக்காரர்கள் ரஸ்கினின் சீடர்கள். இருவரும் பொம்மைக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். தேவாலயம் ஒரு காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது என்றாவது சொல்லலாம். பொம்மை விளையாட்டில்தான் முடிகிறது. பழுதும் மறுபழுதும் அந்த விளையாட்டைச் சேர்ந்தவை. ஆண்டர்சன் 1838இல் எழுதிய கதையில் வரும் தகரச் சிப்பாய்க்கு ஒற்றைக் கால். இருபத்தைந்து பேரில் கடைசியாக வார்த்தவன், வெள்ளீயம் போதவில்லை. சீர்செய்பவர் யாராவது அவனுக்கு இன்னொரு காலை வார்த்து ஒட்டியிருந்தால் கதை அந்தக் கணமே நின்றிருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இன்று எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சிப்பாய்களை விளையாடக் கொடுக்க முடியாது. உடம்பும் ஈயம், பெயின்டிலும் ஈயம்; வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் மரத்தடியில்கூட வைக்கக் கூடாது. பிரிட்டன் குடும்பத்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1966இல் ஈய வார்ப்பை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக்குக்குப் போனது; பொம்மைப் பாதுகாப்பு விதிகள் 1967இல் வந்தன. ஆக, இன்றைக்கு நடக்கிற பழுது எதுவும் பிள்ளைக்காக இருக்க வழியில்லை, எல்லாமே அலமாரிக்குத்தான். என் அளவுகோலின்படி யாரும் எதையும் தொடக் கூடாது என்றல்லவா ஆகிறது? கிட்டத்தட்ட ஆமாம் என்றுதான் சொல்வேன். விளையாட்டு முடிந்துவிட்டது, இனி ஆடுகிற பாவனையில் கை வைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அழிவைத் தடுப்பது வேறு கணக்கு. இந்தச் சிப்பாய்களின் மெய்யான எதிரி காற்றிலிருக்கும் அமிலம். ஓக் மரமும் சில ஒட்டுப் பலகைகளும் மட்டரக அட்டையும் அசிட்டிக் அமில ஆவியைக் கசியவிடும். ஈரப்பதமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து வரும். ஐரோப்பாவில் ஓவியர்களுக்கான ஈய வெள்ளையை முன்பு எப்படிச் செய்தார்கள் தெரியுமா? சட்டியில் காடியை ஊற்றி, மேலே ஈயத் தகட்டை வைத்து, சாணத்துக்குள் புதைத்துவிடுவார்கள். சில வாரங்களில் தகடு வெள்ளைப் பொடியாகும். தாத்தாவின் அழகான ஓக் அலமாரி, கதவைச் சாத்திய நிலையில், அதே வேலையைத்தான் மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறது. குளிரில் வெள்ளீயம் சாம்பலாகப் பொடியும் வியாதி ஒன்று உண்டு, பதின்மூன்று டிகிரிக்குக் கீழே நடப்பது. ஈயச் சிப்பாயின் வெள்ளைப் பொடியைப் பலர் அதுவென்று நினைத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். வீண் செலவு. அலமாரியை மாற்றினால் போதும்: கண்ணாடியும் இரும்பும், கொஞ்சம் காற்றோட்டம், வறண்ட இடம். அந்தப் பொடி விஷம் என்பதையும் மறக்கக் கூடாது. வாயால் ஊதக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும்.

உடைந்தவனை நிற்க வைப்பது வரை எனக்குச் சம்மதம். நிற்காதவன் மறுபடி விழுந்து இன்னும் உடைவான். குதிரையின் முறிந்த காலைச் சேர்க்க அவசரக்காரர்கள் சால்டரிங் இரும்பை எடுப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயமும் ஆன்டிமணியும் கலந்தால் அதற்கும் கீழேயே. இரும்பின் முனை அதைவிடச் சூடாக இருக்கும். கால் ஒட்டும் முன் தொடை வழிந்துவிடும். பொறுமைக்காரர்கள் கைத்துளைப்பானால் இரண்டு பக்கமும் மெல்லிய துளை போட்டு, பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகி, பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பசையால் நிறுத்துவார்கள். முறிந்த கோட்டைப் புட்டியால் மூடுவதில்லை. காணாமற்போன கைக்குப் புதுக் கை பொருத்தியே ஆக வேண்டும் என்றால், பொருத்தலாம்; பிரிட்டன்ஸ் சிப்பாய்கள் பலருக்குக் கை தனி உறுப்பு, தோளில் இருக்கும் குமிழில் வளையத்தை மாட்டினால் ஆடும். அந்தப் புதுக் கையை மட்டும் பழையதோடு கலந்துவிடாதபடி ஒரு படி மங்கலாக விட்டு, செய்த வருடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவைப்பது மரியாதை. அழுக்கை எடுக்க மென்மையான தூரிகை போதும். பெயின்ட் உதிராத இடத்தில் லேசாக ஈரம் தொட்ட பஞ்சு. இதற்கு மேல் செய்யத் தோன்றினால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு கிறிஸ்துமஸ் கேக்கைக் கவனிக்கப் போகலாம். பளபளப்பான அணிவகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு இன்றும் புதிதாக உலோகச் சிப்பாய்கள் வார்த்து விற்கிறார்கள். அதை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

போர்ப் பொம்மைகளைப் பேணுவதே தவறு, அதுவும் சமாதானப் பண்டிகையில் என்று சொல்பவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இது புதிய குரலும் அல்ல. 1914இல் பிரிட்டனின் தேசிய சமாதானக் கவுன்சில், பிள்ளைகளுக்குச் சிப்பாய்களுக்குப் பதிலாகச் சமாதானப் பொம்மைகளைக் கொடுக்கச் சொன்ன செய்தியை வைத்து ஆங்கில எழுத்தாளர் சாகி ஒரு கதை எழுதினார். அதில் ஒரு தாய்மாமன் நகராட்சிக் குப்பைத்தொட்டியும் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் உருவமும் வாங்கிக் கொடுக்க, பையன்கள் சற்று நேரத்திலேயே அவற்றைப் பீரங்கிக் கோட்டையும் பிரெஞ்சுத் தளபதியுமாக மாற்றிவிடுகிறார்கள். வேடிக்கையான பதில்தான், முழுப் பதில் அல்ல. சாகியே 1916இல் போர்க்களத்தில் சுடப்பட்டு இறந்தார். ஈயச் சிப்பாய்களில் பேரரசின் பெருமிதம் ஊறியிருப்பது உண்மை. பிரிட்டன்ஸின் பட்டியலில் 67ஆம் எண் பெட்டி நம் சென்னை ராஜதானியின் காலாட்படை. ஷில்லிங் கொடுத்து வாங்கிய லண்டன் பிள்ளைக்குத் தமிழ்ச் சிப்பாயும் தெலுங்குச் சிப்பாயும் எட்டு எட்டாகக் கட்டிய சரக்கு. முகத்துக்குப் பழுப்பு எனாமல். அந்தப் பழுப்பை இன்று புதுக் கருக்கோடு தீட்டி அலமாரியில் ஏற்றினால், பழைய பெருமிதத்தை நாமே மறுபடி வார்த்ததாகிவிடும். தேய்ந்த நிலையில் விட்டால் அவன் வேறு மாதிரிப் பேசுகிறான். மூக்கு நுனியிலும் முழங்கை மேட்டிலும் பெயின்ட் போய் உள்ளேயிருக்கும் சாம்பல் நிற ஈயம் தெரியும். பக்கத்தில் நிற்கிற லைஃப் கார்ட்ஸ் வீரனின் மூக்கிலும் அதே சாம்பல். தேய்மானம் ராணுவத்தின் பக்கம் நிற்பதில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு ஜனங்களுக்குச் சிப்பாய் அலுத்துப்போக, 1920களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் மாடும் கோழியும் உழவனுமாகப் பண்ணை வரிசையை வெளியிட்டது. கடைகளில் சிப்பாய்கள்தான் இருக்கிறார்கள், சாதாரண ஜனங்களைக் காணோமே என்று வெல்ஸ் அதற்குப் பத்து ஆண்டு முன்பே குறைப்பட்டிருந்தார்.

என் வாதத்தில் ஓர் இடறல் இருப்பதையும் சொல்ல வேண்டும். மரம் எதுவானாலும் கொஞ்சமாவது அமில ஆவி விடும், தீக்குச்சியும் மரம்தான். ஓக் அளவுக்கு மோசமில்லை, அளவும் அரை அங்குலம். ஆனாலும் அது இருப்பது காற்றுப் போகாத ஈயக் கூட்டுக்குள், கழுத்தின் மெல்லிய சுவரை ஒட்டி. நான் காப்பாற்றச் சொல்கிற பழுதே சிப்பாயை உள்ளிருந்து தின்னக்கூடும். சேகரிப்பாளர்கள் சிலர் இதைக் காரணம் காட்டிக் குச்சிகளை மொத்தமாகப் பிடுங்கச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பெட்டியைத் திறக்கும்போது ஒவ்வொரு தலையையும் மெல்லத் திருப்பி, கழுத்து விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பார்ப்பது. பொடி இல்லையென்றால் அப்படியே விடுவது. பூத்திருந்தால் குச்சியை உருவி, சிறிய பாலியெத்திலீன் உறையில் போட்டு, எந்தச் சிப்பாயுடையது என்று எழுதி, அவனுக்குப் பக்கத்திலேயே வைப்பது. கழுத்துக்குப் பித்தளை ஊசி. தலை இருந்த கோணத்தை முதலிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டால், இடப்பக்கம் பார்த்தவனை இடப்பக்கமே பார்க்க வைக்கலாம்.